பெறுபேற்றை யார் பார்க்கலாம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு மகப்பேற்றுக் கிளினிக்கில் ஐந்தரை ஆண்டுகள் தமிழ், டேனிஷ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துவிட்டுச் சென்ற மாதம் விலகினேன். இருபத்தைந்து வயதில் அதை ஓய்வு என்று சொல்வது மிகை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த வடிவில் அந்த வேலை இனி இல்லை. மொழிபெயர்ப்பாளர் அறைக்குள் வந்து உட்காரும் வழக்கம் முடிந்துவிட்டது. மேசையில் ஒரு திரை இருக்கிறது, குரல் வேறு ஊரிலிருந்து வருகிறது. அந்தத் திரையின் மறுபக்கத்தில் உட்காரப்போகும் புதியவர்கள் மூன்று பேர், அறைக்குள் இருந்தபோது எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். அன்றைக்குச் சுருக்கமாக ஏதோ சொன்னேன். சொன்னது போதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு வார இறுதிகள், ஒரு சொற்பட்டியல், வாய் திறப்பதில்லை என்று உறுதியளிக்கும் தாளில் ஒரு கையொப்பம். இலக்கியத் துறையில் முதலாம் ஆண்டு மாணவியாக இருந்தேன். நஞ்சுக்கொடிக்கும் பனிக்குடத்துக்கும் இரண்டு மொழியிலும் சொல் தெரிந்தால் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன்.

என்னைப் பழக்கியவர் பிர்கிட். அவர் மருத்துவ மாது. இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் டேனிஷ் சொல்லையே வைத்துக்கொண்டு யோர்டமோ என்பார்கள். அறுபதை நெருங்கிய வயது. மழையானாலும் சைக்கிளில்தான் வருவார். வந்ததும் தலைக்கவசத்தை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைப்பார், கைகளை நீண்ட நேரம் கழுவுவார், பிறகு மூன்று நாற்காலிகளையும் தன் கையாலேயே இழுத்துப் போடுவார். என்னுடையது கர்ப்பிணிக்குப் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி. பேசும்போது அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் பிர்கிட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

முதல் நாள், “தனக்கு முதுகு நோகிறது என்று அவர் சொல்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். பிர்கிட் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருக்கு நோகிறது?”

“அவருக்கு.”

“நீ அவருடைய வாய். எனக்கு நோகிறது என்று சொல்.”

அன்றிலிருந்து நூற்றுக்கணக்கான தடவை நான் கர்ப்பமாக இருந்திருக்கிறேன். எனக்கு வாந்தி வந்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, மாமியுடன் ஒத்துப்போகாமல் இருந்திருக்கிறது. அறைக்குள் பேசப்படும் எதுவும் மொழிபெயர்க்கப்படாமல் போகக்கூடாது என்பது பிர்கிட்டின் முதல் விதி. எதையும் நான் சேர்க்கக்கூடாது என்பது இரண்டாவது. விளங்காத ஒன்று இருந்தால் கையை உயர்த்தி, “இப்போது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்” என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். குறிப்பு எழுதிய தாளை நான்காகக் கிழித்து, போகும்போது அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

விதிகள் எங்கள் ஆட்களிடம் எளிதில் செல்லுபடியாகவில்லை. வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீர் ஆற்றை மகள்?”

“அக்கா, இஞ்சை நான் ஒருத்தற்றை மகளும் இல்லை. குரல் மட்டும்தான்.”

“குரலைக் கேட்டாலே தெரியுது பிரெடெரிசியாப் பக்கம் எண்டு. அங்கை டெய்லர் ஒருத்தர் இருந்தவரெல்லே, அவரின்ரை ஆளோ?”

இவை அனைத்தையும் நான் டேனிஷில் பிர்கிட்டுக்குச் சொல்ல வேண்டும், சொன்னேன். பிர்கிட் சிரிக்கவில்லை. “அவர் தன் கதையை யாரிடம் சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்லாதே” என்றார். அதையும் நான் தமிழில் அந்த அக்காவுக்குச் சொன்னேன்.

கர்ப்பிணி யாராக இருந்தாலும் பிர்கிட் முதற்சந்திப்பில் பத்து நிமிடம் தனியாகத்தான் பார்ப்பார். கணவனை ஒரு படிவத்தோடு நடைக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மது, புகை, போதைப்பொருள், வீட்டில் அடி உதை பற்றிய கேள்விகள் வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரின் மனைவி இந்தக் கேள்விகளைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க வீட்ல முட்டைகூட வாங்க மாட்டோம்ங்க. என்னைப் பாத்தா கஞ்சா அடிக்கற மாதிரியா இருக்கு?”

பிர்கிட் சொன்னார்: “நான் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்களைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டால், அடுத்தவரிடம் கேட்பது குற்றச்சாட்டு ஆகிவிடும்.”

அந்தப் பெண் சிறிது யோசித்தார். “அப்ப சரி. எழுதிக்கச் சொல்லுங்க. முட்டையும் இல்லைன்னு சேத்து எழுதிக்கச் சொல்லுங்க.”

சலப் பரிசோதனையில், அதாவது சிறுநீர்ப் பரிசோதனையில், இரண்டு வகை உண்டு. ஒன்று சீனிக்கும் புரதத்துக்கும். ஒவ்வொரு முறையும் நடப்பது, அதற்காக யாரும் தனியாக அனுமதி கேட்பதில்லை. மற்றது போதைப்பொருளுக்கும் வலிமருந்துகளுக்கும். அது அரிது. அதைக் கேட்கும்போது பிர்கிட் ஐந்து வாக்கியங்கள் சொல்வார். வரிசை ஒருபோதும் மாறாது. இது கட்டாயம் இல்லை. மறுத்தாலும் நான் இதே போல உங்களைப் பார்த்துக்கொள்வேன். சம்மதித்தால் பெறுபேறு உங்கள் கோப்பில் பதியப்படும்; உங்களைப் பராமரிப்பவர்களும் நீங்களும் மட்டுமே அதைப் பார்க்கலாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆபத்து என்று எப்போதாவது எனக்குத் தோன்றினால், குழந்தை நலன் பார்க்கும் நகராட்சியான கொம்யூனுக்கு அறிவிக்கச் சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தும்; அறிவிப்பதற்கு முன் அதை உங்களிடம் சொல்வேன். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் பேசமாட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், மேசைமேல் இருக்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பெண்களில் பலர், “அவ சொன்னாச் சரி, செய்யட்டும்” என்பார்கள். மொழிபெயர்ப்பேன். பிர்கிட் இல்லை என்று தலையை அசைப்பார்: “அது என் விருப்பம். எனக்கு வேண்டியது அவருடையது.” மறுபடியும் காத்திருப்பார். ஒருமுறை நான்கு நிமிடம் காத்திருந்ததை நான் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.

இனிச் சொல்லப்போவது சுகந்தியைப் பற்றி. அது அவர் பெயர் அல்ல. எழுதலாமா என்று கிளினிக் வழியாக அவரிடம் கேட்டேன். பெயரையும் வேலையிடத்தையும் மாற்றும்படி சொல்லிச் சம்மதித்தார்.

திருமணமாகி டென்மார்க்குக்கு வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. முதல் கர்ப்பம், நான்காம் மாதம். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் தொழிற்சாலையில் ஈரத்துணி தூக்கும் வேலை. கணவர் ரகு பதினைந்து ஆண்டுகளாக இங்கே இருப்பவர், துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்பவர். படிவத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று பிர்கிட் கேட்டார்.

“வலது தோள்மூட்டு சரியான நோ. அதுக்கு ஒரு குளிசை எடுக்கிறனான். காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டு.”

“அதன் பெயர் என்ன?”

“பேர் தெரியாது. பச்சையும் மஞ்சளுமாய் இருக்கும். பெட்டி இல்லை, ஒரு சின்னப் பையுக்கை வந்தது.”

“யாருக்காவது கொடுத்த மருந்தா?”

சுகந்தி தன் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தார். “வீட்டு ஆள் ஒராள் தந்தது. பேர் சொல்ல வேணுமோ?”

“வேண்டாம். எனக்கு வேண்டியது மருந்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. ஒரு நாள் எடுக்காமல் விட்டால் என்ன ஆகிறது?”

“விட்ட நாளிலை வேர்த்துக் கொட்டும். உடம்பெல்லாம் எறும்பு ஊருற மாதிரி. ஒரு இடத்திலை இருக்கேலாது. பிறகு எடுத்தாத்தான் சரியாகும்.”

பிர்கிட் பேனாவைக் கீழே வைத்தார். அது என்னவென்று கண்டுபிடிக்கச் சலத்தைச் சோதிக்க விரும்புவதாகச் சொல்லி, ஐந்து வாக்கியங்களையும் தொடங்கினார். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் சுகந்தி இடைமறித்தார்.

“அப்ப அவருக்குத் தெரியவராதெல்லோ?”

“உங்கள் கணவருக்கு உங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமை இல்லை” என்றார் பிர்கிட்.

அதைச் சரியாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அது நடைமுறையில் உண்மையாக இராது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கே வங்கிக்கும் வரிக்கும் வைத்தியத்துக்கும் ஆளுக்கொரு எண்மிய அடையாளம், டிஜிட்டல் ஐடி, உண்டு. கைபேசியில் அதைத் திறந்தால் பெறுபேறுகள் எல்லாம் தெரியும். அதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். எங்கள் வீட்டில் அம்மாவின் அடையாளம் அப்பாவின் கைபேசியில் இருக்கிறது. அம்மாவுக்கு டேனிஷ் வாசிக்க வராது என்பதால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருடைய கடிதங்களை அப்பாதான் பிரிப்பார். கடிதம் கைபேசிக்குள் போனபோது பிரிக்கும் வேலையும் அதோடு போனது. நான் அறிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். யாரும் அதைப் பறித்தல் என்று நினைப்பதில்லை. உதவி என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டாண்டுக்கு முன் வந்த சுகந்தியின் அடையாளம் யாருடைய கைபேசியில் இருக்கும் என்று ஊகிக்க எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

கையை உயர்த்தியிருக்கலாம். எதையும் சேர்க்கக்கூடாது என்ற விதி என்னைத் தடுத்தது என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுக்காரணம் அல்ல. எங்கள் வீட்டு ஆண்கள் மனைவியின் கடிதத்தைப் பிரிக்கிறவர்கள் என்று பிர்கிட்டிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என் அப்பாவைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

பிர்கிட் மற்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லி முடித்துக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி, “ஓம், எனக்கு விருப்பம்தான். செய்யுங்கோ” என்றார். தெளிவான சம்மதம். குப்பியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார்.

ஆறாவது நாள் பிர்கிட் என்னைக் கிளினிக்குக்கு வரச்சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை. மூன்று நாற்காலிகளும் போட்டபடியே இருந்தன; என்னுடையதில் உட்காரச் சொன்னார்.

“சுகந்தியின் கணவர் தொலைபேசியில் பேசினார். பெறுபேறு வந்த அன்றே அதை வாசித்திருக்கிறார். ஓபியம் வகையைச் சேர்ந்த வலிமருந்து. தன் மனைவி போதைப்பொருள் பாவிக்கிறாளா என்று என்னிடம் கேட்டார். யாரைப் பற்றியும் நான் எதுவும் சொல்ல முடியாது என்று சொன்னேன். அவர் எப்படி வாசித்தார்?”

சொன்னேன். எங்கள் வீட்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அன்றைக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் கையை உயர்த்தவில்லை?”

“எதையும் சேர்க்கக்கூடாது என்று...”

“சேர்க்கக்கூடாது. ஆனால் நான் உண்மையில்லாத ஒன்றைச் சொல்லும்போது என்னை நிறுத்தக்கூடாது என்று நான் உனக்குச் சொல்லித்தந்தேனா? அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். உன் வாயால் சொன்னேன். நம் இரண்டு பேரில் ஒருத்திக்கு அது தெரிந்திருந்தது.”

குரல் உயரவில்லை. கதவு வரை என்னோடு நடந்துவந்து, “என் தவறும் உண்டு. முப்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை” என்றார்.

செவ்வாய்க்கிழமைச் சந்திப்புக்குச் சுகந்தி வரவில்லை. பிர்கிட் கோப்பைத் திறந்து தொடர்பு எண்ணைப் பார்த்தார், அதுவும் ரகுவினுடையது. எண்களை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டார். கடிதம் அனுப்பினால் அது கைபேசிக்குத்தான் போகும், அதே கைபேசிக்கு. வேலையிடத்துக்குப் பேசினால் கர்ப்பம் அங்கே தெரிந்துவிடும். சட்டம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த கதவுகள் எல்லாம் ஒரே சட்டைப்பைக்குள் திறந்தன.

“இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்து” என்றார் பிர்கிட். “அது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன். அதன் பிறகு கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். அறிவிப்பதற்கு முன் அவரிடம் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.”

அவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

புதன்கிழமை வகுப்பு இல்லை. பிரெடெரிசியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலில் போனேன். அப்பா வேலையில் இருந்தார். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், உங்கடை ஐடியை உங்கடை போனுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

“ஏன், அதுக்கு இப்ப என்ன வந்தது?”

“ஒண்டும் வரேல்லை. உங்கடை கடிதம், நீங்கள் பாக்கலாம்.”

“எனக்கென்ன ரகசியம் கிடக்கு, பிள்ளை? வாற கடிதம் முழுக்கப் பல்லு டொக்டரின்ரை.”

“ரகசியம் இல்லாட்டிலும்...”

“அப்பா வாசிச்சுச் சொல்லாட்டி ஆர் சொல்லுறது? நீ ஓகூஸிலை ஊராற்றை பொம்பிளையளுக்கு வாசிச்சுக்கொண்டிருக்கிறாய்.” சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

வியாழன் காலை பத்து மணிக்கு, முன்பதிவு இல்லாமல், சுகந்தியும் ரகுவும் கிளினிக்குக்கு வந்தார்கள். வேறொருவருக்காக நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். சுகந்தியின் மேலுதட்டில் வியர்வை இருந்தது. கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பிர்கிட் அடுத்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர்களை உள்ளே அழைத்து, நான்காவது நாற்காலியைத் தானே தூக்கிவந்தார்.

ரகு டேனிஷில் சொன்னார்: “நான் டேனிஷ் பேசுவேன். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.”

“மொழிபெயர்ப்பாளர் உங்களுக்காக இல்லை” என்றார் பிர்கிட். பிறகு சுகந்தியைப் பார்த்து: “உங்களை முதலில் தனியாகப் பார்க்கலாம். இந்த மொழிபெயர்ப்பாளரே இருக்கலாம், வேறொருவரைத் தொலைபேசியில் எடுக்கலாம். எப்படி விருப்பம்?”

மொழிபெயர்த்தேன். நான்தான் கணவரிடம் சொன்னேன் என்று சுகந்தி நினைத்திருந்தால், நியாயமாகவே நினைத்திருப்பார்.

சுகந்தி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். “இவ இருக்கட்டும். அவரும் இருக்கட்டும். மறைக்கிறதுக்கு இனி என்ன கிடக்கு.”

“அவ நாலு நாளா நித்திரை இல்லை” என்று ரகு இப்போது தமிழில் தொடங்கினார். “நடுங்குது. குளிசை எல்லாத்தையும் அண்டைக்கே நான் குப்பையிலை போட்டிட்டன். பிள்ளைக்குக் கூடாதெண்டுதானே போட்டனான். இப்ப பாத்தா இவ இப்பிடி...” அவர் பயந்துபோன மனிதர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிர்கிட் தொலைபேசியை எடுத்து இரண்டே வாக்கியத்தில் மருத்துவரை வரச்சொன்னார். திரும்பி உட்கார்ந்து, மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இன்றைக்கே தொடங்கலாம், இதில் யாரும் குற்றவாளி இல்லை என்றார். அவர் முடிப்பதற்குள் ரகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“எத்தினை நாளா எடுக்கிறீர்?”

“ஏழு மாசம்.”

“ஆர் தந்தது?”

“நீங்கள்தான் கொண்டந்து தந்தனீங்கள்.”

“நானோ?”

“ஞாயிறு ஞாயிறு உங்கடை அக்கா கறி தந்துவிடுவாவெல்லே, ஐஸ்கிரீம் பெட்டியிலை. அந்தப் பெட்டியோடை ஒரு பை வரும். அதுக்குள்ளைதான். அவவின்ரை முழங்கால் ஒப்பரேசனுக்குக் குடுத்தது. இன்னும் எடுத்துக்கொண்டு இருக்கிறா, மிச்சத்தை எனக்குத் தந்தவ. என்ரை தோளைப் பாத்து இரக்கப்பட்டுத்தான் தந்தவ.”

நான் இதை டேனிஷில் பிர்கிட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் எதையும் எழுதவில்லை. ரகுவுக்கு டேனிஷ் விளங்கும் என்பதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“அக்கா சும்மா நோக்குளிசை எண்டுதான்...”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவ.”

“அப்ப ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை” என்றார் சுகந்தி. “வாசிச்சனீங்கள். வாசிச்சுப்போட்டு முதல் போன் அக்காவுக்கு எடுத்தனீங்கள். ரெண்டாவது இஞ்சை எடுத்தனீங்கள். நான் பக்கத்து அறையிலை உடுப்பு மடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

அதையும் மொழிபெயர்த்தேன். ரகு இரண்டாவது தடவையும் கேட்டார். தலையைக் குனிந்து, கால்சட்டையின் முழங்காலில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைப் பிடுங்கினார்.

சுகந்தி பிர்கிட்டிடம் கேட்டார்: “பிள்ளையை எடுத்துப்போடுவினமோ?”

“இல்லை. நீங்கள் உதவி கேட்டு வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு அறிவிக்க எனக்குக் காரணம் இல்லை. என்றாவது காரணம் வந்தால், இதே நாற்காலியில் உட்கார்ந்து என்னிடமிருந்துதான் முதலில் அறிவீர்கள்.” பிறகு அவர் முன்பு ஒருபோதும் கேட்காத ஒன்றைக் கேட்டார். “உங்களோடு பேச வேண்டுமானால் நான் எந்த எண்ணுக்கு எடுக்க வேண்டும்? உங்கள் கோப்பு யாருடைய கைபேசியில் திறக்கிறது?”

சுகந்தி தன் கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது என்ரை. ஆனா இதிலை ஒண்டும் இல்லை, அம்மாவோடை கதைக்கிறது மட்டும்தான்.”

புதிய அடையாளத்தைக் கொம்யூனின் சேவை நிலையத்தில் எடுக்கலாம், பழையது தானாக நின்றுவிடும் என்று பிர்கிட் விளக்கினார். ரகு உடனே, “நானே செய்து குடுக்கிறன்” என்றார்.

“நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார் சுகந்தி. “உள்ளுக்கு நான் போறன்.”

மருத்துவர் வந்தார், மருந்தின் பெயர் இம்முறை தெரிந்தே எழுதப்பட்டது. ரகுவின் அக்காவுடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் போன பிறகு நான் குறிப்புத்தாளைக் கிழித்துக் கொடுத்தபோது, பிர்கிட் அதை வாங்கிக்கொண்டு, “அடுத்த முறை கையை உயர்த்து” என்று மட்டும் சொன்னார்.

உயர்த்தினேன், பல முறை. பிர்கிட்டின் மூன்றாவது வாக்கியமும் மாறியது. டேனிஷ் பெண்கள், சோமாலியப் பெண்கள் எல்லோரிடமும் இப்போது அவர் கைபேசியைப் பற்றிக் கேட்கிறார். எங்களிடம் மட்டும் கேட்டால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும் அல்லவா. திரைக்கு மறுபக்கம் இருக்கப்போகிற உங்களுக்கு ஒன்று: திரையில் முகம் மட்டும்தான் தெரியும், கை தெரியாது. ஆகவே வாயால் சொல்லி நிறுத்துங்கள். அரை நிமிடம் அநாகரிகமாக இருக்கும்.

சுகந்தியை எட்டாம் மாதத்தில் கடைசியாகப் பார்த்தேன். மருந்தின் அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைந்துகொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பிர்கிட் ஐந்து வாக்கியங்களையும் முழுமையாகச் சொல்லிச் சம்மதம் கேட்டார். ஒருமுறை சுகந்தி, “இண்டைக்கு வேண்டாம், களைப்பாய் இருக்கு” என்று மறுத்தார், பிர்கிட் தலையசைத்துவிட்டு வயிற்றை அளக்கத் தொடங்கினார். ரகு எப்போதும் கூட வந்து நடைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு முந்தைய சந்திப்பின் பெறுபேறு வந்திருந்தது. பிர்கிட் கணினியைத் திருப்பப்போனார். சுகந்தி, “பொறுங்கோ” என்று சொல்லித் தன் கைபேசியை எடுத்தார். ஆறு இலக்கத்தையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒருமுறை பிழைத்தது, மறுபடியும் அழுத்தினார். பக்கம் திறந்தது. நீண்ட டேனிஷ் வரிகள். வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாலும் அவரால் அதை வாசிக்க இன்னும் முடியவில்லை. கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“வாசியும், தங்கச்சி.”

எழுதப்பட்டதை அப்படியே வாய்மொழியாகத் தருவது எங்கள் வேலையில் அனுமதிக்கப்பட்டது. இருந்தாலும் வாசிக்கலாமா என்று பிர்கிட்டைப் பார்த்தேன். அவர் சுகந்தியைக் காட்டினார்.

வாசித்தேன். குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது. மருந்து இப்போது மிகக் குறைந்த அளவில்; பத்து நாளில் நிறுத்தலாம். மாதிரியில் வேறு எதுவும் காணப்படவில்லை. பிறந்த பிறகு குழந்தையைச் சில நாட்கள் தாயுடனேயே வைத்துக் கவனிக்க வேண்டும்.

“தாயுடனேயே எண்டு எழுதியிருக்கோ?”

“ஓம். தாயுடனேயே.”

“அதை மட்டும் இன்னொருக்கா வாசியும்.”

இன்னொரு முறை வாசித்தேன். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. கைபேசியைத் திரும்ப வாங்கி, திரையை அணைத்துக் கைப்பையில் வைத்தார்.

“சரி. இப்ப அவரைக் கூப்பிடச் சொல்லும். நான் சொல்லுறன்.”

பிர்கிட்டுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.